ஒத்திகையில் சொன்னது

பிப்ரவரி 27, வெள்ளி

டீச்சர்,

'அன்புள்ள' என்று எழுதி அடித்துவிட்டேன். அடித்த தாளையே அனுப்புகிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் எண் என் போனில் இனி வராது. குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன். அழுதால் உடனே ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிடுவீர்கள். உங்கள் ஆறுதல் எனக்கு வேண்டாம்.

நேற்றுக் காலை லேபில் ரத்தம் எடுக்கும் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். டோக்கன் பதினான்கு என்று கூப்பிட்டேன். வந்தவள் கையை நீட்டவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். ஆறு வருஷத்துக்கு முன், வேறு ஊரில், பழைய லேபில் என் பக்கத்துக் கவுண்டரில் வேலை பார்த்தவள். ரத்தக் குழாயில் ஒட்டும் லேபிளில் எப்போதும் பச்சை மையில்தான் எழுதுவாள். அதனால் அங்கே எல்லாருக்கும் அவள் 'பச்சைப் பேனா'.

"நீலப் பேனாதானே அக்கா?" என்றாள். அவ்வளவுதான். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் டோக்கனை என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதன் பிறகு வந்த கிழவருக்கு மூன்று முறை குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை.

நீலப் பேனா விஷயத்தை நான் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்து சொல்லியிருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் பின்னால் இருக்கும் அந்த அறையில், குழந்தைகள் நாற்காலியில் முட்டி இடிக்க உட்கார்ந்துகொண்டு, பலகைக்கு அந்தப் பக்கம் இருந்த உங்களிடம்.

"உயிரே போனாலும் உள்ளே சொன்னது வெளியே போகாது" என்று நீங்கள்தானே சொல்லிக்கொடுத்தீர்கள்? நாலே நாளில் போய்விட்டது.

என் மறைக்கல்விப் புத்தகத்தை இதோடு அனுப்பியிருக்கிறேன். ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா சனிக்கிழமை நடக்கும் ஞானஸ்நானத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடச் சொல்லுங்கள். சிலுவை போடும்போது எந்தத் தோள் முதலில் என்று எனக்கு இப்போதும் குழப்பம்தான். இனித் தெரிந்து என்ன ஆகப்போகிறது.

லேபில் இருப்பவள்

*

மார்ச் 3, செவ்வாய்

அக்கா,

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் வேன் டிரைவர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் மறைக்கல்வி டீச்சர். ஃபாதர் இல்லை.

அன்றைக்கு நடந்தது ஒத்திகை. ஞானஸ்நானத்துக்குப் பிறகு நீங்கள் எல்லாரும் பாவசங்கீர்த்தனம் செய்யப் போவீர்கள், ஃபாதர் உட்கார்ந்து பாவம் கேட்கும் அந்த மரக்கூண்டுக்கு முன்னால் போய் முழிக்கக்கூடாதே என்று பழைய அறிவிப்புப் பலகையை நடுவில் நிறுத்தி நான் ஏற்பாடு செய்தது. "சும்மா ஒரு பாவத்தைக் கற்பனை பண்ணிச் சொல்லுங்க"ன்னு தலைதலையாய் அடித்துக்கொண்டேன். நம் வகுப்பு மெக்கானிக் அண்ணன் மூன்று கல்யாணம் செய்ததாகச் சொன்னார். கட்டிய ஒருவரையே சமாளிக்க முடியாத மனுஷன். கல்யாணத்துக்காக வகுப்புக்கு வரும் பெண், இன்னும் வாய்க்காத மாமியாருக்கு விஷம் வைத்ததாகச் சொன்னாள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது.

கடைசியில் நீங்கள் வந்தீர்கள். மற்றவர்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள். நீங்கள் சொல்ல ஆரம்பித்ததும் பரவாயில்லையே, அக்காவுக்கு நல்ல கற்பனை என்றுதான் முதலில் நினைத்தேன். ரத்தக் குழாய் இரண்டு மாறிப்போனது. நோயே இல்லாத ஒரு தச்சருக்கு, ரத்தத்தில் பெரிய நோய் என்று ரிப்போர்ட் போனது. பதினோரு நாள் அவர் சாவுக்குத் தயாரானார். வளர்த்த நாயைக்கூட யாருக்கோ கொடுத்துவிட்டார். பழி இன்னொருத்தி மேல் விழுந்தது. நீங்கள் வாய் திறக்கவில்லை.

பிறகு 'பச்சைப் பேனா' என்றீர்கள். பலகையில் ஆணி குத்திய ஓட்டை வழியாக உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் கண்ணை மூடியிருந்தீர்கள்.

அக்கா, அவள் என் தங்கை. கூடப் பிறந்தவள். வீட்டில் அவளைச் 'சின்னது' என்று கூப்பிடுவோம்.

இரண்டு வருஷத்துக்கு முன்தான் நீங்கள் இந்த ஊருக்கு வந்தீர்கள். பழைய லேப் எதுவென்று நான் கேட்டதில்லை, நீங்களும் சொன்னதில்லை. உங்கள் பக்கத்தில் ஞானத்தாயாக நின்று, இவளுக்கு நான் பொறுப்பு என்று சபை முன்னால் சொல்வதாக இருந்தேன். படிவத்தில் என் பெயரைக்கூட எழுதிக் கொடுத்துவிட்டேன். அவளை அழித்த கையையா ஐந்து மாதமாகப் பிடித்துச் சிலுவை போடச் சொல்லிக்கொடுத்தேன்? ஏமாந்தது நீங்கள் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள்.

சொன்னேன். ஆமாம், நான்தான் சொன்னேன். என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

வேன்காரி

*

மார்ச் 9, திங்கள்

டீச்சர்,

உங்கள் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஐந்து நாள் வேலைக்குப் போனேன். அவள் உங்கள் தங்கை என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த அறைப் பக்கமே வந்திருக்க மாட்டேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. நான் அப்படிப்பட்டவள்தான் என்று சொல்கிறேன்.

நடந்ததை முழுசாக எழுதுகிறேன். ஒத்திகையில் பாதிதான் சொன்னேன்.

அன்று அவள் கவுண்டரில் கூட்டம். அவளுக்கு ஒரு போன் வந்தது, "ரெண்டு நிமிஷம் பாத்துக்கோங்கக்கா" என்று வெளியே போனாள். இரண்டு பேருக்கு ரத்தம் எடுத்தேன். ஆள் நாற்காலியில் இருக்கும்போதே குழாயில் லேபிள் ஒட்டவேண்டும் என்பது விதி. நான் இரண்டையும் எடுத்து முடித்து, அவர்கள் எழுந்து போன பிறகு சேர்த்து ஒட்டினேன். ஒட்டுகிறவர் லேபிள் மூலையில் தன் பெயரின் முதல் எழுத்தைப் போடவேண்டும். அவள் கவுண்டர் என்பதால் அவள் எழுத்தையே போட்டேன். எல்லாரும் செய்வதுதான், அதில் கெட்ட எண்ணம் இல்லை. என் கையில் இருந்தது நீலப் பேனா.

கெட்ட எண்ணம் பிறகு வந்தது. பதினோரு நாள் கழித்து விசாரணை நடந்தபோது அவள், "இது என் பேனா இல்ல சார், நான் பச்சைலதான் எழுதுவேன்" என்று அழுதாள். "பேனா என்ன கலர்னு யாரும்மா பாக்குறாங்க?" என்றார் மேனேஜர். நான் அடுத்த நாற்காலியில் இருந்தேன். என் பையில் அந்தப் பேனா இருந்தது. கை பைக்குள் போனது, பேனாவைத் தொட்டது, வெளியே வந்துவிட்டது.

நான் ஏன் உங்கள் கோயிலுக்கு வந்தேன் என்று நீங்கள் எத்தனையோ தடவை கேட்டீர்கள். பாட்டு பிடித்தது என்று சொல்லி வைத்தேன். அது பொய். இந்த லேபில் ஒரு நர்ஸ் சொன்னாள்: "எங்க கோயில்ல ஒரு மரக்கூண்டு இருக்கு. உள்ள போய்ச் சொன்னா அதோட முடிஞ்சுது." அந்தக் கூண்டுக்காகத்தான் வந்தேன். நின்று, உட்கார்ந்து, முழந்தாள் போட்டு, யார் எதற்கு எழுந்தாலும் கூட எழுந்து, ஐந்து மாதம் காத்திருந்தேன். பிறகு ஒருநாள் ஃபாதர் சந்தோஷமாகச் சொல்கிறார், ஞானஸ்நானம் வாங்கினால் அதுவரை செய்த எல்லாப் பாவமும் போய்விடுமாம், பழையதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவே தேவையில்லையாம். எல்லாரும் கைதட்டாத குறை. நான் புத்தகத்தை மூடி வைத்தேன். எனக்குக் கழுவி விட வேண்டாம் டீச்சர். யாராவது கேட்க வேண்டும். அதனால்தான் ஒத்திகையைப் பிடித்துக்கொண்டேன். உண்மையான கூண்டு எனக்கு இல்லை என்று ஆகிவிட்டபோது பொய்க் கூண்டாவது கிடைத்ததே என்று.

நான் செய்ததற்கு நீங்கள் என்னை என்ன சொன்னாலும் தகும். ஆனால் நீங்கள் செய்தது தனி. முதலில் என்னிடம் வந்து, "அக்கா, அவ என் தங்கச்சி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானே போய் அவளிடம் சொல்லியிருப்பேன், போகாமலும் இருந்திருப்பேன். அந்த வாய்ப்பை நீங்கள் பறித்துவிட்டீர்கள்.

முதல் கடிதத்தில் எழுதாத இன்னொன்று. டோக்கனை வைத்துவிட்டுத் திரும்பும்போது அவள் தணிந்த குரலில் ஒன்று சொன்னாள். "செய்யாததுக்கு மன்னிப்புக் கேட்டிருக்கேன், தெரியுமா?" யாரிடம் கேட்டாள்? எனக்குப் புரியவில்லை.

*

மார்ச் 17, செவ்வாய்

அக்கா,

அதைக் கேட்பீர்கள் என்று பயந்துகொண்டேதான் இருந்தேன். மூன்று நாள் எழுதி மூன்று நாள் கிழித்தேன். பள்ளிக்கூட வாசலில் வேனை நிறுத்திவிட்டு ஸ்டியரிங் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலை போனதும் சின்னது நேராக என் வீட்டுக்குத்தான் வந்தாள். தினமும் பேனா, பேனா என்று புலம்பினாள். நான் நம்பவில்லை அக்கா. தப்பு செய்துவிட்டு ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை, அதனால்தான் சோறு தண்ணி இறங்காமல் கிடக்கிறாள் என்று நானே முடிவுகட்டிவிட்டேன். சின்ன வயதில் தட்டை உடைத்துவிட்டுப் பூனை மேல் பழி போடுகிறவள். அதை வைத்து ஆளை எடைபோட்டேன்.

அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் அவளை இந்த வேனிலேயே ஏற்றிக்கொண்டு போய்ப் பாவசங்கீர்த்தன வரிசையில் நிறுத்தினேன். "சொல்லிடு, மனசு லேசாயிடும்" என்றேன். "என்னத்தச் சொல்ல?" என்றாள். "உனக்கே தெரியும்" என்றேன். ஓடிவிடக் கூடாதென்று பின்னாலேயே காவல் நின்றேன். உள்ளே போனாள். வெளியே வந்து, "சொல்லிட்டேன். போதுமா?" என்று கேட்டாள். நான் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன், நல்லது செய்துவிட்ட சந்தோஷத்தில். அன்றைக்குப் பிறகு அவள் கோயில் படி மிதிக்கவில்லை. ஏன் என்று எனக்குப் புரிந்ததேயில்லை, உங்கள் வாயால் கேட்கும்வரை.

அன்று ஒத்திகை முடிந்ததும் அவள் இப்போது செருப்புக் கடையில் வேலை பார்க்கும் பக்கத்து ஊருக்கு ஓட்டினேன். நியாயம் வாங்கிக் கொடுக்கத்தான் போனேன் என்று உங்களுக்கு எழுத ஆசை. பொய். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடுவதற்குள் நான் சொல்லவேண்டும், அவள் என்னை மன்னிக்கவேண்டும், அதற்காக ஓடினேன். உங்கள் ரகசியத்தைக் கொண்டுபோய் என் மன்னிப்புக்குக் கொடுத்தேன்.

அவள் கேட்டாள்: "ஆறு வருஷமா நான் சொன்னேன், நம்பல. இப்ப யாரோ சொன்னதும் நம்புறியா?" கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஃபாதரிடம் விவரம் சொல்லாமல் பொதுவாகக் கேட்டேன், ஒத்திகையில் கேட்டதற்கும் வெளியே சொல்லக்கூடாது என்ற அந்தக் கட்டுப்பாடு உண்டா என்று. "சட்டப்படி இல்ல. ஆனா நம்பிச் சொன்னது நம்பிச் சொன்னதுதானேம்மா" என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். உங்கள் பெயரை நான் எடுக்கச் சொல்லவில்லை. புத்தகம் என் வேனில் இருக்கிறது.

*

மார்ச் 24, செவ்வாய்

டீச்சர்,

பழைய லேபுக்குப் போய்வந்தேன். மேனேஜர் அவரேதான், தலை மட்டும் நரைத்திருக்கிறது. நடந்ததைச் சொன்னேன். "இப்ப எதுக்கும்மா இதெல்லாம்?" என்று அலுத்துக்கொண்டார். எழுதித் தரச் சொன்னார். இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன், என் சொந்தக் கையெழுத்து. இங்கே என் லேபிலும் ஒரு பிரதி கொடுத்தேன். முடிவு தெரியும்வரை ரத்தம் எடுக்கும் வேலையிலிருந்து என்னை நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது பிரதியை எடுத்துக்கொண்டு உங்கள் தங்கை வேலை பார்க்கும் செருப்புக் கடைக்குப் போனேன். சனிக்கிழமை, நல்ல கூட்டம். என்னைப் பார்த்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். கீழே முட்டி போட்டு, அளவுப் பலகையை எடுத்து, என் காலைப் பிடித்து அதன்மேல் வைத்தாள். நான் காலை இழுத்தேன். அவள் விடவில்லை. "அடுத்தவங்க நிக்கறாங்க. என்ன வேணும்னு சீக்கிரம் சொல்லுங்க."

தாளைக் கொடுத்தேன். முட்டி போட்டபடியே இரண்டு பக்கமும் படித்தாள். மடித்து, பக்கத்தில் கிடந்த காலிச் செருப்புப் பெட்டியில் போட்டு மூடினாள்.

"பச்சைப் பேனாவ நான் அன்னிக்கே தூக்கிப் போட்டுட்டேன். இப்ப பென்சில்ல எழுதுறேன்" என்றாள்.

மன்னிப்புக் கேட்டேன். "கேட்டுட்டீங்கல்ல" என்றாள். எழுந்து அடுத்த ஆளிடம் போய்விட்டாள். பஸ் ஏறும்வரை என் காலில் அவள் கைச்சூடு இருந்தது. லேசாக இருக்கும் என்று சொல்வார்களே, அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை.

உங்கள் கடிதத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. பூனை மேல் பழி போட்ட பிள்ளை என்று நீங்கள் எழுதிய வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். நான்கூட அவளை அவ்வளவு மட்டமாக நினைத்ததில்லை.

*

மார்ச் 30, திங்கள்

அக்கா,

அந்தக் கடைசி வரி வேண்டியதுதான் எனக்கு. வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் நடந்ததை உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன். பாஸ்காவுக்கு முந்தைய பாவசங்கீர்த்தனம், வரிசை வாசல்வரை நின்றது. நான் நாலாவதாக நின்றிருந்தேன். சின்னது வந்தாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு. கையில் செருப்புப் பெட்டி. என்னைத் தாண்டி, வரிசையையும் தாண்டி, நேராகக் கூண்டுக்கு முன்னால் போய் நின்றாள். சத்தம் கேட்டு ஃபாதர் வெளியே வந்தார்.

"ஃபாதர், ஆறு வருஷத்துக்கு முன்னாடி இங்க ஒண்ணு சொன்னேன். அது பொய். அத எடுத்துடுங்க."

ஃபாதர் குழம்பிவிட்டார். அப்போது இருந்தவர் மாற்றலாகிப் போய்விட்டார், இவர் புதியவர். "எனக்குத் தெரியாதேம்மா. கேட்டவரும் யார்கிட்டயும் சொல்லமாட்டார். உள்ள வா, எதுவானாலும் பேசலாம்" என்றார், நல்ல மாதிரியாகத்தான்.

"உள்ள வரமாட்டேன். உள்ள சொன்னது உள்ளயே கிடக்கு. இங்கயே சொல்றேன்" என்றாள். பெட்டியைத் திறந்து நீங்கள் எழுதியதை எடுத்து, அத்தனை பேருக்கும் கேட்கும்படி முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தாள். வாசலில் நின்ற மெக்கானிக் அண்ணன் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

அக்கா, யோசித்துப் பாருங்கள். நீங்கள் சொன்ன உண்மை ஒரே நாளில் ஊர் தாண்டியது. நான் அவளைச் சொல்லவைத்த பொய்யை உலகத்தில் யாராலும் திறக்கமுடியாது.

போகும்போது என் முன்னால் நின்றாள். "அந்தக்கா தண்ணி ஊத்திக்கிட்டா எல்லாம் போயிடும்னு சொல்லிக்கொடுத்தியாமே. அவங்களோடது போயிடும். என்னோடது எங்க போகும்?" என்று கேட்டாள். வகுப்பில் எத்தனையோ கேள்விக்கு டக்கென்று பதில் சொன்னவள் நான். என் முறை வந்தபோது வரிசையை விட்டு விலகி வந்துவிட்டேன்.

வரும் சனிக்கிழமை நீங்கள் வாருங்கள். நான் பக்கத்தில் நிற்கத் தகுதி இல்லாதவள். வேறு யாரையாவது ஃபாதர் நிறுத்துவார். என்னால் நீங்கள் இழந்தது போதும்.

*

ஏப்ரல் 4, சனி, காலை

டீச்சர்,

பழைய லேபிலிருந்து உங்கள் தங்கைக்குக் கடிதம் போட்டுவிட்டார்களாம், தவறு அவளுடையதல்ல என்று. எனக்கும் இங்கே வேலை போய்விட்டது. நேற்று என் வெள்ளைக் கோட்டைத் துவைத்து, தேய்த்து, திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அப்படியே கோயிலுக்குப் போனேன். இந்த வருஷம் ஞானஸ்நானம் வேண்டாம் என்று ஃபாதரிடம் சொன்னேன். காத்திருக்க அவசியமே இல்லை, கடவுள் கணக்குப் பார்க்கிறவர் இல்லை என்று எவ்வளவோ எடுத்துச் சொன்னார். நம்புகிறேன் ஃபாதர், அதனால்தான் வேண்டாம் என்றேன். கடவுள் உடனே மன்னித்துவிடுவார். உங்கள் தங்கை இன்னும் மன்னிக்கவில்லை. அவளை முந்திக்கொண்டு கழுவிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. அடுத்த வருஷம் வருகிறேன், ஒருவேளை அதற்கடுத்த வருஷம். ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சில் இருப்பேன்.

உங்களை நான் மன்னிக்கவில்லை டீச்சர். மன்னித்தேன் என்று எழுதினால், செய்யாததை உள்ளே போய்ச் சொன்னாளே உங்கள் தங்கை, அதுபோல இன்னொரு பொய்யாகிவிடும். நீங்களும் அதைக் கேட்டுவிட்டு என்னையும் கட்டிப்பிடித்துக்கொள்வீர்கள்.

ஃபாதர் என் படிவத்தை எடுத்துக் காட்டினார். ஞானத்தாய் என்ற இடத்தில் உங்கள் கையெழுத்தில் உங்கள் பெயர். "அடிச்சுடலாமா?" என்று பேனாவை நீட்டினார். வாங்கிவிட்டேன். மூடியைக் கழற்றிய பிறகுதான் பார்த்தேன், நீலம். இன்னொருத்தர் பெயர் மேல் அந்த மை என் கையால் இனிப் படக்கூடாது. மூடித் திருப்பிக் கொடுத்தேன்.

படிவம் அவர் மேசையில் இரண்டாவது டிராயரில் இருக்கிறது. உங்கள் பெயரை அடிப்பதென்றால் நீங்களே போய் அடியுங்கள்.